தண்ணீர் கலக்காத கிளிசரின்

1

என் தம்பியின் கல்யாணப் படங்கள் நேற்றுதான் வந்து சேர்ந்தன. கல்யாணம் நடந்தது போன வருடம் தை மாதம். திருப்பூர் ஸ்டூடியோக்காரர் "இதோ ஆச்சுங்க, டிசைன்ல இருக்குதுங்க" என்று சொல்லிச் சொல்லியே முதல் கல்யாண நாள் வரைக்கும் இழுத்துவிட்டார். பனியன் ஆர்டரை இப்படி இழுத்தால் கப்பல் போய்விடும், பார்ட்டி கேன்சல் செய்துவிடுவான். நடந்து முடிந்த கல்யாணத்தை யார் கேன்சல் செய்ய முடியும் என்ற தைரியம் அவருக்கு.

படங்கள் போனில் வந்து விழுந்தபோது நான் வேலையில் இருந்தேன். கனடாவின் நடுவே, மலையும் இல்லாமல் கடலும் இல்லாமல் தட்டையாகக் கிடக்கும் ஓர் ஊரில் இருக்கிறோம். மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் இடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது என் வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். அங்கே தைத்து வந்த துணியில் கறை இருக்கிறதா என்று பார்த்தேன். இங்கே வெளுத்து வந்த துணியில் கறை போயிருக்கிறதா என்று பார்க்கிறேன். கண்டம் விட்டுக் கண்டம் வந்தும் எனக்கு எழுதி வைத்தது கறை பார்க்கிற வேலைதான் போலிருக்கிறது.

படங்களை அங்கே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடம் காத்தவளுக்கு ஒரு சாயங்காலம் பெரிதா? ஏன் மகளோடுதான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன் என்பதைச் சொல்வதற்குக் கிளிசரினிலிருந்து தொடங்க வேண்டும்.

2

துணியோடு பிழைக்கிறவர்களுக்குத் தெரியும், பருத்தி கையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். நாள் முழுக்க பீஸ் பீஸாகத் தடவிப் பார்த்தால் விரல் நுனி உப்புத்தாள் மாதிரி ஆகிவிடும். அந்த விரல் மெல்லிய துணியில் பட்டால் நூல் இழுக்கும். சரி, எண்ணெய் தடவிக்கொள்ளலாமே என்பீர்கள். தடவிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய்க் கையோடு வெள்ளைப் பனியனைத் தொட்டால் ஐந்து விரலும் அச்சாக விழும். சூப்பர்வைசர் அந்தப் பனியனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக ஊர்வலம் போவார்.

அதனால் செக்கிங் மேசையில் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பாட்டில் இருக்கும். கிளிசரினும் பன்னீரும் கலந்தது. கிளிசரின் வழவழவென்று இருக்குமே தவிர எண்ணெய் இல்லை, தண்ணீரில் கரைந்துவிடும். கையில் கொஞ்சம் விட்டுத் தேய்த்து, காயும் வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு வேலையைத் தொடங்கினால் துணிக்கும் கேடில்லை, கைக்கும் கேடில்லை.

அதைக் கலக்குவது என் பொறுப்பு. ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு பன்னீர். பன்னீர் தீர்ந்தால் காய்ச்சி ஆற வைத்த தண்ணீர். மாதக் கடைசியில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கூடிவிடும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பெண் ஒருத்தி பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "யக்கா, இது கிளிசரினா, கோயில் தீர்த்தமா?" என்பாள். பாட்டில் காலியானாலும் விடமாட்டோம். அடியில் ஒட்டியிருப்பதில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தலைமுடியில் தெளித்துக்கொள்வோம். என்னைப் போலச் சுருட்டை முடிக்காரிகளுக்கு அது பெரிய வரம். வேன் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாலும் முடி பறக்காமல் சொன்ன பேச்சுக் கேட்கும்.

தம்பி மயில்சாமிக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன பாட்டில். அவன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். அங்கே உள்ள மருந்துத் தண்ணீரில் கை வெடித்துப்போகும். வேலை முடிந்து பொங்கலூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு நான் வந்ததும் இரண்டு கையையும் நீட்டுவான். அவ்வளவு பெரிய ஆள், மீசை வைத்தவன், குழந்தை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்பான். "அக்கா, எனக்குக் கொஞ்சம் கெட்டியாக் கலக்குங்க. உங்க கம்பெனித் தண்ணியெல்லாம் எனக்குப் பத்தாதுங்க" என்பான். நானும் அவனுக்காகத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக் கலக்குவேன். தண்ணீர் குறைந்தால் பாசம் கூடுதல் என்று எங்கள் இருவருக்கும் கணக்கு.

தண்ணீர் கலப்பது சிக்கனத்துக்காக என்றுதான் நான் அப்போது நினைத்திருந்தேன். நாங்கள் அத்தனை பேர், பாட்டில் ஒன்று, வேறு எதற்காகத் தண்ணீர் ஊற்றுவார்கள்?

3

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் எனக்குப் பனியைவிட வீட்டுக்குள் இருக்கும் காற்றுதான் ஆச்சரியமாக இருந்தது. வெளியே ஊரே வெள்ளையாகத் தண்ணீர் உறைந்து கிடக்கிறது, உள்ளே ஹீட்டர் ஓடி ஓடி ஒரு பொட்டு ஈரம் கிடையாது. துவைத்த ஜீன்ஸ் சாப்பிட்டு எழுவதற்குள் காய்ந்துவிடும். நம் ஊர் ஆடி மாதக் காற்றில்கூட அப்படிக் காயாது.

மகள் மதிக்கு என் முடி. அதே சுருட்டை, அதே பிடிவாதம். சின்னவளாக இருக்கும்வரை என் மடியில் உட்கார்ந்து சிக்கெடுக்க விடுவாள், அழுதுகொண்டே கதை கேட்பாள். ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு "ஐ வில் டூ இட்" என்றாள். அதோடு சரி. பிறகு அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டு, அதில் வரிசையாகப் பாட்டில்கள். வீடியோ பார்த்துப் பார்த்து அவளே கலக்கிக்கொள்வாள். என்னோடு பேசும் தமிழ் "வேணாம்", "சாப்ட்டேன்", "அப்புறம்" என்று மூன்று சொல்லில் வந்து நின்றது. அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருப்பதில்லை. வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு கதவுக்குப் பின்னால்.

ஒருமுறை அலமாரியைத் துடைக்கும்போது பார்த்தேன், அவள் தட்டில் ஒரு கிளிசரின் பாட்டில். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது. செக்கிங் மேசைக் கதையைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தாள். சரி, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். குளிர்காலம் வந்ததும் அந்தப் பாட்டில் தொடாமலே நின்றது. பிள்ளைகளுக்கு எதுவும் சீக்கிரம் சலித்துப்போகும் என்று நினைத்துக்கொண்டேன், அதையும் கேட்கவில்லை.

4

தம்பிக்குக் கல்யாணம் முடிவானது. "அக்கா, இணைச்சீருக்கு நீங்க வந்தே ஆகோணுமுங்க. நீங்க வரலீன்னா நான் மேடையே ஏற மாட்டனுங்க" என்று போனில் மிரட்டினான்.

கொங்குநாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் பட்டுடுத்தி, நகை பூட்டி, இன்னொரு மணப்பெண் மாதிரி மேடைக்கு வருவாள். மணப்பெண் உடுத்தப்போகும் கூறைச்சேலையை மடித்து அதன் ஒரு முனையை மாப்பிள்ளையும் மறுமுனையை அவளும் பிடித்திருப்பார்கள். புதிதாக ஒருத்தி வருகிறாள், ஆனாலும் நமக்கு நடுவில் இருப்பது அறுந்துபோகாது என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொல்வது அது. கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் பெரியப்பா, சித்தப்பா மகள் யாராவது நிற்பார்கள். ஆள் இல்லை என்று சடங்கு நிற்காது. எனக்கு ஒரே தம்பி, அவனுக்கு ஒரே அக்கா. அந்தச் சேலை முனையைப் பிடிப்பதற்குத்தான் நான் பிறந்தேன் என்றுகூட அம்மா சொல்வதுண்டு.

பட்டுச்சேலை வாங்கியாயிற்று. என் குடியிருப்பு அட்டை மட்டும் காலாவதியாகியிருந்தது. அது கையில் இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வர விமானத்தில் ஏற்றமாட்டார்கள். புதுப்பிக்க எழுதிப் போட்டேன். கைரேகை கொடுக்க வா என்று நாள் குறித்துத் தகவல் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போதுமான அவகாசம் இருந்தது.

கூட வேலை செய்யும் பெண்தான் பயத்தைக் கிளப்பினாள். நாள் முழுக்கச் சூடான விரிப்பை மடிக்கிற கைகளில் ரேகை மங்கிப்போகுமாம், அவளுக்கு இயந்திரம் எடுக்கவே மாட்டேன் என்றதாம். என் கையைப் பார்த்தேன். பழைய செக்கிங் கை மாதிரி சொரசொரவென்று இருந்தது. இதற்கா பயப்பட வேண்டும்? கிளிசரின் வைத்தியம் நமக்குத் தெரியாததா என்று மருந்துக்கடையில் ஒரு பெரிய பாட்டிலாக வாங்கினேன்.

தண்ணீர் கலக்கவில்லை. தம்பி கல்யாணத்துக்குப் போகிற கை, இதற்குப் போய்த் தண்ணீர் ஊற்றுவேனா? எத்தனை வருடம் தீர்த்தம் மாதிரி கலக்கிக் கஞ்சத்தனம் செய்தாயிற்று, இந்த ஒரு தடவை சுத்தமானதாகவே போடுவோம் என்று தோன்றியது. காலையிலும் மாலையிலும் உலர்ந்த கையில் அப்படியே ஊற்றித் தேய்த்தேன். முதல் நாள் கை பளபளவென்று மின்னியது. அடுத்த நாள் பிசுபிசுத்தது. அதற்கடுத்து அரித்தது. போதவில்லை என்று இன்னும் அதிகமாகப் போட்டேன். குறித்த நாள் வந்தபோது விரல் நுனிகள் தோலுரிந்து, ரேகைக்குக் குறுக்கே புதிதாக வெடிப்புகள் ஓடின. பேராசை பெருநஷ்டம் என்பதைக் கிளிசரினில் கற்றுக்கொண்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கைரேகை எடுக்கும் இடத்தில் இருந்த பெண் நல்லவள். கண்ணாடித் தகட்டின் மேல் ஒவ்வொரு விரலாக வைத்து அழுத்தினாள், துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இயந்திரம் ஒவ்வொரு தடவையும் சிவப்பு விளக்கைக் காட்டியது. "ஸ்கின் கண்டிஷன் ஏதாவது உண்டா?" என்று கேட்டாள். பதற்றத்தில் "குட் கண்டிஷன்" என்று சொல்லிவிட்டேன். தையல் மெஷினைப் பற்றிக் கேட்டால் சொல்கிற பதில் அது. அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். கண்ணாடியே என் கைப்புண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது.

கை ஆறிய பிறகு வரச்சொல்லி வேறொரு நாள் கொடுத்தார்கள். அது கல்யாணத்துக்குப் பிந்திய நாள். தம்பிக்குக் கல்யாணம், தயவுசெய்து முன்னால் கொடுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டேன். தேதியை முன்னால் நகர்த்தலாம், விரலை என்ன செய்வது என்று அவள் கேட்டது நியாயம்தான். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். மதி பள்ளியிலிருந்து வந்தவள், தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் நின்றுவிட்டாள்.

"அம்மா, கைக்கு என்ன ஆச்சு? என்ன போட்டீங்க?"

"கிளிசரின்."

"தண்ணி?"

"தண்ணி எதுக்கு? சுத்தமாத்தான் போட்டேன்."

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். என் அம்மா அடித்துக்கொள்கிற மாதிரியே இருந்தது. போனில் இன்றைய வானிலையைத் திறந்து, 'டியூ பாயின்ட்' என்று ஓர் எண்ணைக் காட்டினாள். காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்கிற எண்ணாம். மைனஸில் எங்கோ கிடந்தது.

"கிளிசரின் தண்ணி தேடும்மா. ஏர்ல இருந்தா ஏர்லருந்து எடுக்கும். ஏர்ல இல்லன்னா உங்க ஸ்கின்லருந்து எடுக்கும். ஹேர்லயும் அப்படித்தான். அதான் வின்டர்ல நான் தொடவே மாட்டேன்."

"உனக்கு யார் சொன்னா?"

"கர்லி ஹேர் இருக்கற எல்லாருக்கும் தெரியும்."

"ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிற குரலில் சொன்னாள். "நீங்க கேக்கவே இல்லையேம்மா."

அந்த வீட்டில் இரண்டு கிளிசரின் பாட்டில்கள் இருந்தன. அவளுடையது அவள் தட்டில், என்னுடையது என் தட்டில். நடுவில் ஒரு சுவர். அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் தம்பி கல்யாணத்துக்குத் திருப்பூர் போயிருப்பேன். கிளிசரினை அதன் பிறகு நான் குறை சொன்னதில்லை. அது ஈரம் தேடியது, கிடைத்த இடத்தில் எடுத்துக்கொண்டது. நாங்கள் இரண்டு பேரும் தேடவே இல்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

5

அன்றிலிருந்து சாயங்காலம் தோறும் மதி எனக்குக் கைவைத்தியம் பார்த்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் என் கையை ஊற வைப்பாள். துண்டால் ஒற்றுவாளே தவிர முழுதாகத் துடைக்க விடமாட்டாள். ஈரம் இருக்கும்போதே, நிறையத் தண்ணீரில் சில சொட்டுக் கிளிசரின் கலந்து தடவுவாள். அதன் மேல் வாசலின், அந்த ஈரம் ஓடிப்போகாமல் மூடி போட்ட மாதிரி. கடைசியில் வெள்ளைப் பருத்திக் கையுறை. வருடக்கணக்கில் என் மேல் கைபடாமல் விலகி நடந்த பிள்ளை, என் விரல் ஒவ்வொன்றையும் பிடித்துப் பிடித்துத் தடவினாள். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். தம்பி கல்யாணத்தைக் கொடுத்து வாங்கிய சந்தோஷம் அது.

கல்யாண நாள் வந்தது. அங்கே விடியற்காலை என்றால் எங்களுக்கு முந்தின நாள் மாலை. பட்டுச்சேலையை எடுத்து உடுத்திக்கொண்டேன். கையில் கையுறை இருந்ததால் போன் என் தொடுகையைக் கேட்கவில்லை. மதிதான் அழைப்பை எடுத்து, போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, மேளச் சத்தம் தாங்காமல் அறைக்குள் போய்விட்டாள்.

இணைச்சீருக்கு என் இடத்தில் பெரியப்பா மகள் கோமதியை நிறுத்தினார்கள். தம்பி ஒரு நொடி போனுக்குள் எட்டிப் பார்த்து, "அக்கா, மேடைக்குக் கூப்பிடறாங்க, போறனுங்க" என்றான். மேடை ஏற மாட்டேன் என்று மிரட்டியவன்தான். ஏறித்தானே ஆக வேண்டும், ஏறினான்.

அம்மா போனை வாங்கிக்கொண்டார். "ஏஞ்சாமி, நீ மட்டும் எதுக்குத் தூரமா நிக்கோணும்? நீயும் மேடையில வந்து நில்லு கண்ணு" என்று சொல்லி, போனைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கோமதிக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் மேடையில் நிற்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று என் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

எனக்குத் தெரிந்தது கூட்டம் மட்டும்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், தூங்கி வழியும் உறவினர்கள், காபி டம்ளரை ஊதி ஊதிக் குடிக்கும் ஒருவர், சுற்றுகிற மின்விசிறி. "அம்மா, திருப்புங்க! போனைத் திருப்புங்கம்மா!" என்று கத்தினேன். மேளத்தில் யாருக்குக் கேட்கும்? என் முதுகுக்குப் பின்னால் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர் ஏதோ சொல்வது கேட்டது, கோமதியின் வளையல் சத்தம் கேட்டது. மேளம் உச்சத்துக்குப் போய் இறங்கியதை வைத்து முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

அம்மா போனைத் திருப்பினார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தியா கண்ணு? சனமெல்லாம் உன்னையத்தான் பாத்துச்சு."

"பாத்தனுங்கம்மா. நல்லா இருந்துதுங்க" என்றேன். அதைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்?

6

பனி உருகும் காலத்தில் மறுபடி கைரேகை கொடுக்கப் போனேன். பத்து விரலும் முதல் தடவையிலேயே பச்சை விளக்கு. "பெர்ஃபெக்ட்" என்று அந்தப் பெண் சிரித்தாள். அட்டை வந்தது. மேசை இழுப்பறையில் இருக்கிறது. இன்னும் ஊருக்குப் போகவில்லை. மகளுக்குப் பரீட்சை, அப்புறம் லீவு இல்லை, அப்புறம் டிக்கெட் விலை. போவதற்குக் காரணம் இருந்தபோது வழி இல்லை. வழி வந்த பிறகு காரணம் எல்லாம் சின்னதாகத் தெரிந்தது.

நேற்று சாயங்காலம் மதியைக் கூப்பிட்டேன். வந்தாள். போன வருடத்திலிருந்து கூப்பிட்டால் வருகிறாள், அதுவரைக்கும் புண்ணியம். இரண்டு பேரும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். இணைச்சீர்ப் படம் வந்தது. நான் பார்க்காத அந்தச் சடங்கை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். தம்பி தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான். மடித்த கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையில். மறுமுனை கோமதி கையில். அழகாகத்தான் நிற்கிறாள், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்துக்குக் கீழே ஸ்டூடியோக்காரர் தங்க நிறத்தில் எழுத்துப் போட்டிருந்தார். மதி எழுத்துக் கூட்டி வாசித்தாள். "மாப்...பிள்ளையின்... சகோ...தரி."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அது நீங்கதானே? ஏன் இவங்க படத்துல போட்டிருக்காங்க?"

"அந்த இடத்துல நிக்கறவங்கதான் சகோதரி" என்றேன். அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. இரண்டு விரலால் படத்தை விரித்துப் பெரிதாக்கினாள். கோமதிக்குப் பக்கத்தில் அம்மா. அம்மாவின் நெஞ்சில் அந்த போன். இன்னும் விரித்தாள். போனுக்குள் என் முகம் இல்லை. வெள்ளையாக ஏதோ இரண்டு தெரிந்தது.

"இது என்ன?" என்றவள், கொஞ்சம் கழித்து அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவள் போட்டுவிட்ட கையுறைகள். "அம்மா, மூஞ்சிய மூடிட்டு அழுதீங்களா? நான் உள்ளதானே இருந்தேன். ஏன் என்கிட்ட சொல்லல?"

நீ கேட்கவே இல்லையே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போனை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். ஊர் முழுக்கப் பார்க்க, சேலை முனையைப் பிடித்திருக்க வேண்டிய கைகள் அவை. பிடிக்க வேறு எதுவும் கிடைக்காமல் என் முகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.